ஹலீமா எனக்குத் தராத இடம்

ஹலீமா போய்விட்டாள் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. அவளுடைய தம்பி மகள்தான் பேசினாள். "அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்க டாக்டர். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்றாள். "சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. சமையலறைக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து, எதற்கு வந்தோம் என்று மறந்து போய் நின்றேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூடப் பாதி நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

இரங்கல் கூட்டத்துக்கு நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். அடையாற்றில் அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள், ஊரூர் குப்பத்தில் அவள் கையில் பிறந்தவர்கள், அவளோடு வேலை பார்த்தவர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. ஹலீமா டாக்டர் தாராள மனசுக்காரர், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர் என்று ஆளாளுக்குப் பேசினீர்கள். நான் கடைசி வரிசையில் நெளிந்துகொண்டிருந்தேன். என்னைப் பேசக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால், "எனக்கென்று கேட்டோம், அவள் இல்லை என்றாள்" என்று சொல்லியிருப்பேன். அங்கே சொன்னால் விகாரமாக இருந்திருக்கும். அதனால் இங்கே சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் இன்டர்மீடியட் ஒன்றாகப் படித்தோம். யுத்தம் இன்னும் முடியாத காலம். குண்டு விழும் என்று பயந்து ஊரைக் காலிசெய்துகொண்டு போனவர்கள் ஒருவழியாகத் திரும்பி வந்திருந்தார்கள். தெருவிளக்குகளுக்கு மட்டும் கறுப்பு மூடி இன்னும் இருந்தது. என் வீடு மந்தைவெளியில். அப்பா ஆபீஸில் குமாஸ்தா, அம்மா மடி ஆசாரம் பார்ப்பவள். ஹலீமாவின் வீடு மயிலாப்பூர் முடிந்து ராயப்பேட்டை தொடங்கும் இடத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. அவள் அப்பா புத்தகங்களுக்குப் பைண்டிங் போடுகிறவர். முன்கூடம் முழுவதும் காகிதமும் பசையும் தோலும்தான். ஹலீமா காகிதத்தை மடித்துக்கொண்டே பாடம் ஒப்பிப்பாள். நான் அவள் எதிரே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே ஒப்பிப்பேன். "உக்காரு கோமு, எனக்குத் தலை சுத்துது" என்பாள். உட்கார்ந்தால் எனக்குப் பாடம் மறந்துவிடும்.

இருவருக்கும் டாக்டருக்குப் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற பெண்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, நகரத்திலிருந்த பெரிய மருத்துவக் கல்லூரி. ஆண்களோடு படிக்க வேண்டும். பெண்களுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். இன்னொன்று, ரயிலேறிப் போக வேண்டிய ஊரில் பெண்களுக்கென்றே நடந்த கல்லூரி. அங்கே ஹாஸ்டலில்தான் இருந்தாக வேண்டும். இரண்டும் பெயர் பெற்ற கல்லூரிகள். ஹலீமா இரண்டுக்கும் மனுப் போட்டாள். நான் நகரத்துக் கல்லூரிக்கு மட்டும் போட்டேன்.

ஏன் ஒன்றுக்கு மட்டும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். என் அப்பாவின் நியாயம் அப்படி. மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு அவர் தயாராகவே இருந்தார். "சாயங்காலம் வந்து கொல்லைக் கிணத்துல ஒரு முழுக்குப் போட்டா தீட்டுப் போயிடும். ஹாஸ்டல் சாதம் அப்படி இல்லை. உள்ளே போனது உள்ளே போனதுதான்" என்றார். எவர் சமைத்தாரோ, எவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமோ என்பதுதான் அவர் கவலை. பெண்ணைப் படிக்க அனுப்பும் அளவுக்கு இருந்த முற்போக்கு, ஹாஸ்டல் சோற்றில் வந்து நின்றுவிட்டது. அம்மாவும் அதையே சொன்னாள். நான் கத்தினேன், தட்டை நகர்த்தி வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நேர்முகத்துக்கு இருவரும் ஒரே டிராமில் போனோம். மேஜைக்குப் பின்னால் வரிசையாகப் பெரிய மனிதர்கள். எல்லாப் பெண்களிடமும் ஒரு கேள்வி தவறாமல் கேட்டார்கள். கல்யாணமானால் படிப்பைப் பாதியில் விட்டுவிடுவாயா? "ஆண்பிள்ளைகளிடமும் இதைக் கேட்கிறீர்களா?" என்று நான் கேட்டேன். ஒருவர் பேனாவை மூடி வைத்தார். ஹலீமா எனக்கு அடுத்துப் போனாள். வெளியே வந்ததும், "நீ என்னடி சொன்னே?" என்று பிடித்துக்கொண்டேன். "கல்யாணமானாலும் ஊர்ல வியாதி இருக்கும்தானே சார்னேன். சிரிச்சாங்க" என்றாள். இடம் யாருக்கு என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முடிவு வந்தது. ஹலீமாவுக்கு இரண்டு கல்லூரியிலும் இடம். எனக்கு நகரத்துக் கல்லூரியில் காத்திருப்போர் வரிசையில் முதல் இடம். அதாவது, இடம் கிடைத்த பெண்களில் ஒருத்தி வேண்டாம் என்றால் அது எனக்கு. மற்ற பெண்கள் விடப்போவதில்லை. விடக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் என் எதிரே உட்கார்ந்து காகிதம் மடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டிலும் ஒரே ரகளை. அவளுடைய மாமு, அதாவது தாய்மாமன், "ஆம்பளைப் பசங்களோட ஒக்காந்து படிக்கிறதா? நடக்காது" என்று ஒரு கல்லூரியை மூடினார். சச்சா, அவள் அப்பாவின் தம்பி, "வயசுப் பொண்ணு வெளியூர்ல ராத் தங்குறதா? அதெல்லாம் வாணாம்" என்று மற்றதை மூடினார். இரண்டு இடம் கிடைத்தவள் எங்கேயும் போக முடியாமல் இருந்தாள். அவள் அப்பா பசைக் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே இரண்டு பேருக்கும் தலையாட்டுவார். பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மந்தைவெளியிலிருந்து குளக்கரை வழியாக லஸ் வரை, அங்கிருந்து அவள் சந்து வரை தினமும் நடப்பேன். வாசலில் நின்று, "இன்னும் முடிவு பண்ணலையா?" என்பேன். "இன்னா கோமு, வரும்போதே முறைச்சினு வர்றே?" என்பாள். கேட்க வந்ததை ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. கேட்டால் நான் யார்? கேட்காவிட்டால் என் கதி என்ன? வீட்டுக்குத் திரும்பி அம்மாவோடு சண்டை போடுவேன்.

கடைசியில் அம்மாவே கிளம்பினாள். வெற்றிலை, பழம், ஒரு பாத்திரம் நிறைய முறுக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு முஸ்லிம் வீட்டுப் படியேறினாள். ஹலீமாவின் அம்மா பாய் விரித்து உட்கார வைத்தார். என் அம்மா அவர் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் என்பதை அவர் எப்படியோ தெரிந்து வைத்திருந்தார். சர்பத்தை எடுத்து வரவில்லை. உரிக்காத வாழைப்பழத்தைத் தட்டில் வைத்து நீட்டினார். அம்மா அதை வாங்கிக்கொண்டாள். மாமுவும் சச்சாவும் அப்பாவும் முன்கூடத்தில் இருந்தார்கள். ஹலீமாவைக் காணவில்லை. உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் நின்றாள். அவள் பாதம் மட்டும் கீழே தெரிந்தது. என் முன்னால் ஒருநாளும் திரைக்குப் பின்னால் நிற்காதவள்.

"நீங்க பெரிய மனசு பண்ணணும். இவ ஆத்துல ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறா, சாப்பிட மாட்டேங்கறா. உங்க பொண்ணுக்கு ரெண்டு எடம் கெடைச்சிருக்கு. எங்க பொண்ணுக்கு இது ஒண்ணுதான். உங்க பொண்ணு வெளியூர் காலேஜுக்குப் போயிட்டா, இவ பொழைச்சுண்டு போவா" என்றாள் அம்மா.

மாமுவுக்கு ஏக சந்தோஷம். ஆண்களோடு படிக்கக்கூடாது என்று அவர் சொன்னதற்கு இப்படியொரு வழி கிடைக்கும் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார். "நல்ல காரியம்தானே? ஒரு பொண்ணுக்கு வாழ்வு குடுத்த மாதிரி" என்றார். சச்சா கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். வாசல் தேடி வந்து கேட்கும்போது எப்படி மறுப்பது என்று அவரும் இளகிவிட்டார். "பொம்பளைங்க மட்டும் இருக்கிற எடம்தானே. போய்ட்டு வரட்டும்" என்றார். அப்பா பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இத்தனை நாள் முடியாதது ஒரு நொடியில் முடிந்துவிட்டது. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் டாக்டர் ஆகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

திரைக்குப் பின்னாலிருந்து, "நான் குடுக்க மாட்டேன்" என்ற குரல் வந்தது.

"அடியே, பெரியவங்க பேசினு கீறோம்" என்றார் மாமு.

"பேசுங்க மாமு. ஆனா எடம் என்னுது. எனக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரிதான் வேணும். ஊர்ல கீற அத்தனை வியாதியும் அங்கதான் வருது. வெளியூர் காலேஜ் புடிச்சிருந்தா எனக்கோசரம் போவேன். கோமுவுக்கோசரம் போவ மாட்டேன். நாளைக்கு அங்க ஒரு பரீட்சையில தோத்தேன்னு வெச்சுக்க, கோமுவுக்கு விட்டுக்குடுத்ததாலதான் இப்டி ஆச்சுன்னு ஆயுசுக்கும் சொல்லினு திரிவேன். அது எனக்கும் வாணாம், அவளுக்கும் வாணாம்."

அம்மா எழுந்துவிட்டாள். நான் அதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அழுதேன், திட்டினேன். நேரில் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட அவளுக்கு மனசில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு கேள்விப்பட்டேன், பைண்டிங் மேஜையிலிருந்து எழுந்து அவள் அப்பா ஒரே வார்த்தை பேசினாராம். "தைரியமா மாட்டேன்னு சொல்றவ ஆம்பளைப் பசங்களுக்கு நடுவுலயும் சொல்லுவா. போவட்டும்" என்று. அதோடு மாமுவும் சச்சாவும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஹலீமா நகரத்துக் கல்லூரியில் சேர்ந்தாள். நான் விலங்கியல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. லஸ் டிராம் நிறுத்தத்தில் எதிரே வருவாள், நான் கடைப் பலகையைப் படிப்பேன். சின்னப் பிள்ளைகள் காய் விடுவது போலத்தான். அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் நின்று, "இன்னா கோமு" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அடுத்த வருஷம் மனு வாங்கும் சமயத்தில் ஒருநாள் அவளே மந்தைவெளி வீட்டுக்கு வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மாவுக்கு அவள் மேல் கோபம் இருந்தாலும், வீட்டுக்கு வந்தவளை நிற்க வைக்கத் தெரியாது. "உக்காரு. பையைக் குடு, பொஸ்தகம் சரஸ்வதியாச்சே, தரையில வைக்கப்படாது" என்று பையை வாங்கிச் சமையலறை அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். ஹலீமா வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனாள். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. "மாமி, அதுல பொஸ்தகம் இல்லை. படிக்கிறதுக்குன்னு காலேஜ்ல குடுத்த எலும்பு. மனுசன் எலும்பு" என்றாள்.

அடுத்து நடந்ததை எழுதிச் சொல்ல முடியாது. அம்மா கிணற்றடிக்கு ஓடினாள். அரிசி கொல்லைக்குப் போனது. அலமாரியிலிருந்த அத்தனை பாத்திரமும் முற்றத்துக்கு வந்தது. நான் கோபத்தை மறந்து அறையிலிருந்து வெளியே வந்து சிரிக்க ஆரம்பித்தேன். ஹலீமா பயந்துபோய்ப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள். ஆபீஸிலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தெரியாம நடந்தது. குளிச்சாச்சோல்லியோ? போச்சு, விடு" என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

ஹலீமா அதைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "எலும்பு சமையக்கட்டு வரைக்கும் போயே குளிச்சாப் போவுதுன்னா, ஹாஸ்டல் சாப்பாடு குளிச்சாப் போவாதா? லீவுல வரும்போது கோமு நேராக் கெணத்தடிக்குப் போவட்டும்."

அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறதா சிரிப்பிலா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு காலை வேளையில், "வெளியூர் காலேஜுக்கும் சேர்த்தே மனுப் போடு" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். அம்மா ஒரு மாதம் ஹலீமாவின் பெயரைச் சொல்லவில்லை.

அந்த வருஷம் எனக்கு இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைத்தது. எங்கே போவது என்று இப்போது நான் நடக்க ஆரம்பித்தேன். அடையாற்றுப் பாலத்தின் மேல் ஹலீமாவும் கூடவே நடந்தாள். அவள் மழுப்பிப் பேசத் தெரியாதவள். "எங்க ஆஸ்பத்திரிக்கு வராத வியாதி இல்ல கோமு. ஆனா பொணம் அறுக்கிற மேசையைச் சுத்தியே பசங்க நின்னுனு இருப்பாங்க. இடுப்புல இடிச்சு முன்னால போனாத்தான் ஏதாச்சும் தெரியும். எனக்கு அது பழகிப்போச்சு. நீ அங்க வந்தா வழிவிடுன்னு சண்டை போட்டே அஞ்சு வருசமும் போயிடும். அந்த வெளியூர் காலேஜ்ல கூட்டம் கம்மி. ஆனா நீயே உன் கையால செய்வே. உன் அவசரத்துக்கு அதான் சரி" என்றாள். என் குணத்தை இவ்வளவு லட்சணமாக யாரும் எடுத்துச் சொன்னதில்லை. அவள் மேல் கோபப்பட்டுக்கொண்டே வெளியூர்க் கல்லூரிக்குப் போனேன்.

அங்கே போன பிறகுதான் எனக்குக் கை கால் எல்லாம் வேலை செய்வது தெரிந்தது. அம்மா போய்க் கேட்டபோது அவள் இடத்தைக் கொடுத்திருந்தால், தினமும் சாயங்காலம் கிணற்றடியில் முழுகி, அப்பாவின் கண் எதிரிலேயே படித்து, அவர் பார்த்த மாப்பிள்ளையோடு பாதியில் போயிருப்பேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பட்டம் வாங்கிக்கொண்டு வந்ததும் நேரே அவளிடம் போய்ச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு நல்லதாவும்னு நான் ஒண்ணும் செய்யல. எனக்கு வேணும்னு எடுத்துக்கினேன். அந்தப் புண்ணியத்தை என் தலையில கட்டாதே" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ முறை அந்தப் பழைய சண்டையைப் போட்டிருக்கிறோம். கல்யாண வீடுகளில், பிரசவ அறை வாசலில், அவளுடைய அடையாற்று மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும்போதும். "என் இடத்தை எடுத்துக்கிட்டவ" என்பேன். "உன் எடமா? எழுதி வெச்சிருந்தியா?" என்பாள்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். படுத்திருந்தாள். குரல் இறங்கியிருந்தது. நான் வழக்கம்போல நடந்துகொண்டே பேசினேன். அவளும் வழக்கம்போல உட்காரச் சொன்னாள். வாய் சும்மா இருக்காமல், "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் முன்னால நீ ஒருநாளும் கோஷா பார்த்தவ இல்லை. எங்கம்மா வந்த அன்னைக்கு மட்டும் எதுக்கடி திரைக்குப் பின்னால நின்னே? நேர்ல வந்து மாட்டேன்னு சொல்லத் தைரியம் இல்லையா?" என்றேன்.

"இல்ல" என்றாள். "உன் மூஞ்சியப் பாத்திருந்தா குடுத்திருப்பேன்."

நடந்துகொண்டிருந்த நான் நின்றுவிட்டேன். "இத்தனை வருஷமா ஏண்டி இதைச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ அழுதுகினு எனக்கு நன்றி சொல்லியிருப்பே. அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது?" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் வீட்டார் ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேண்டாம் என்றேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எங்கள் சண்டையைத்தான். அதில் கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டியது. அன்று அவள் தூங்கிவிட்டதால், அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். நீ கொடுத்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன்டி என்று சொல்ல இருந்தேன். சுத்தப் பொய். இரண்டு கையையும் நீட்டி வாங்கியிருப்பேன், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். அதைக் கேட்டிருந்தால் ஹலீமா எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு வந்திருப்பாள்.